நோட்ட வாசிப்பும் தேடல் வாசிப்பும்: தமிழ் வகுப்பறைக்கு ஏற்ற முறை எது?

பல்கலைக்கழக மானியக் குழு 2022ஆம் ஆண்டு வெளியிட்ட முனைவர் பட்ட நெறிமுறைகள் ஆய்வியல் நிறைஞர் பட்டத்தை முடிவுக்குக் கொண்டுவந்தன. அப்பட்டத்தின் தகுதிப்பாடு குறித்துப் பலவாறான கருத்துகள் நிலவியபோதிலும், தமிழ்த்துறைகளில் அது செய்துவந்த பணி ஒன்றுண்டு. முதுகலை முடித்த மாணவர் பாடநூல் வாசிப்பிலிருந்து ஆய்வு வாசிப்புக்குப் பெயரும் இடைவெளியை அந்த ஓராண்டு ஓரளவு நிரப்பிற்று. நூலடைவு தொகுத்தல், முன்னாய்வுகளைத் திரட்டல், மூல நூலில் சான்று தேடல் ஆகியவற்றை மாணவர் வெளிப்படையான பயிற்சியின்றியே பழகிக்கொண்டனர். இப்பொழுது முதுகலையிலிருந்து நேரே முனைவர் பட்டத்திற்குள் நுழையும் மாணவர்க்கு எஞ்சியிருப்பது குறைந்தது 12 மதிப்பீட்டு அலகுகள் கொண்ட முன்படிப்பு மட்டுமே. அதனுள்ளும் ஆய்வு அறம், ஆய்வு நெறிமுறை ஆகியன இடம்பெற்ற பின், வாசிக்கக் கற்பிப்பதற்கு இடம் மிகக் குறைவு.

ஒரு தலைப்பின்கீழ் நாற்பது நூல்களும் இருநூறு கட்டுரைகளும் கிடைக்கும் நிலையில், அனைத்தையும் முதலெழுத்து முதல் ஈற்றெழுத்து வரை படிக்க எவராலும் இயலாது. எதனை முழுதாகப் படிப்பது, எதனைப் பார்த்துவிட்டு வைப்பது, எதனுள் ஒரே ஒரு செய்தியை மட்டும் எடுத்துக்கொள்வது என்னும் முடிவுகளை ஆய்வாளர் நாள்தோறும் எடுக்கின்றார். அம்முடிவுகளுக்கு அடிப்படையான திறன்கள் இரண்டு. ஒரு பனுவலின் போக்கையும் கருத்தையும் விரைந்து கண்டுகொள்ளுதல் ஒன்று. பனுவலுள் வேண்டிய ஒரு செய்தியை மட்டும் தேடி எடுத்தல் மற்றொன்று. ஆங்கில மொழிக் கல்வியில் இவ்விரண்டும் பள்ளி நிலையிலேயே பெயர் சொல்லிக் கற்பிக்கப்படுகின்றன. தமிழ்க் கல்வியில் இவை பெரும்பாலும் தாமே வந்துவிடும் என்று விடப்படுகின்றன. கற்பிக்கப்படும் சில இடங்களிலோ ஆங்கிலத்திற்கென வகுக்கப்பட்ட விதிகள் அப்படியே பெயர்த்துத் தரப்படுகின்றன. முன்னதைக் காட்டிலும் பின்னது மிகுந்த தீங்கு செய்கின்றது என்று கருத இடமுண்டு.

பெயரிலிருந்தே சிக்கல் தொடங்குகின்றது. முதல் திறனை ‘மேலோட்ட வாசிப்பு’ என்பது வழக்கம். தமிழில் மேலோட்டம் என்னும் சொல் குறைகூறும் சொல்லாகவே பயில்கின்றது. ‘மேம்போக்கு’, ‘நுனிப்புல் மேய்தல்’ என்பன அதன் உறவினங்கள். ஒரு திறனுக்கு இழிபெயரிட்டுவிட்டு அதனை மாணவர்க்குக் கற்பிக்கும்படி ஆசிரியரிடம் கூறுவது எவ்வாறு பயன்தரும்? இதற்கு ‘நோட்டம்’ என்னும் சொல் பொருத்தமாக அமைகின்றது. காசின் தரத்தைக் கண்டறிபவர் நோட்டக்காரர் எனப்பட்டார். அவர் பார்வை விரைவானது. ஆனால் பயிற்சியால் கூர்மை பெற்றது. தவறினால் இழப்பு அவரைச் சாரும். விரைவும் பொறுப்பும் ஒருங்கே அமைந்த அப்பார்வையே இங்கு வேண்டப்படுவது. எனவே முதல் திறனை நோட்ட வாசிப்பு என்றும், இரண்டாவதைத் தேடல் வாசிப்பு என்றும் வழங்குதல் தகும்.

நோட்ட வாசிப்புக்கென ஆங்கிலப் பாடநூல்கள் கூறும் விதிகளுள் முதன்மையானது, ஒவ்வொரு பத்தியின் முதல் தொடரையும் படித்துச் செல்க என்பது. ஆங்கிலக் கட்டுரை மரபில் பத்தியின் மையக் கருத்து பெரும்பாலும் முதல் தொடரில் வைக்கப்படுவதால் அவ்விதி அங்கே பயன்தருகின்றது. தமிழ் உரைநடையின் அமைப்பு வேறு. தொடரின் முடிக்குஞ் சொல் ஈற்றில் நிற்கின்றது. உடன்பாடோ எதிர்மறையோ என்பதை அச்சொல்லே தீர்மானிக்கின்றது. ‘இப்புலவர் பாண்டிய நாட்டினர் என்றும், தம் முதுமையில் சேர நாடு சென்று அங்கேயே தங்கினர் என்றும், அவர் பெயரால் வழங்கும் மற்றொரு நூலும் அவர் செய்ததே என்றும் கூறுவதற்குச் சான்றில்லை’ என்று ஒரு தொடர் அமையுமாயின், அதன் தொடக்கத்தை மட்டும் கண்டு செல்லும் மாணவர் மூன்று பொய்ச் செய்திகளைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார். ‘சான்றில்லை’ என்னும் ஒரு சொல் அவர் கண்ணில் படாமற்போனதே அதற்குக் காரணம். ஆங்கிலத்தில் அவ்வெதிர்மறை தொடரின் முகப்பிலேயே நின்றிருக்கும்.

பழைய உரைகளில் இவ்விடர் பன்மடங்காகின்றது. உரையாசிரியர்கள் பிறர் கொள்கையை முதலில் விரிவாக எடுத்துரைத்து, அதற்குரிய காரணங்களையும் காட்டி, அதன் பின்னரே மறுப்பர். சொல்லதிகாரத்திற்கு உரை செய்த சேனாவரையர், இளம்பூரணரை ‘உரையாசிரியர்’ என்னும் பெயராற் சுட்டி, அவர் கருத்தை எடுத்துக் கூறி மறுத்துச் செல்லும் இடங்கள் பல. அத்தகைய பத்தியின் முற்பகுதி முழுவதும் மறுக்கப்படுபவரின் குரல். சேனாவரையரின் குரல் பிற்பகுதியில்தான் கேட்கும். பத்தியின் முதல் தொடர்களை நோட்டமிட்ட மாணவர், சேனாவரையர் எதனை மறுத்தாரோ அதனையே சேனாவரையரின் கொள்கையாக ஆய்வேட்டில் எழுதிவிடுகின்றார். மேற்கோள் பிழையின்றி இருக்கும். பக்க எண்ணும் சரியாக இருக்கும். கருத்து மட்டும் தலைகீழாக இருக்கும். இத்தகைய பிழையை அயலக மதிப்பீட்டாளரும் எளிதில் கண்டுகொள்வதில்லை. ஆய்வேட்டிலிருந்து கட்டுரைக்கும், கட்டுரையிலிருந்து அடுத்த ஆய்வேட்டிற்கும் அது பயணம் செய்கின்றது.

இதற்கு மாற்று, நோட்ட வாசிப்பை விலக்குவது அன்று. கண் எங்கே நிற்க வேண்டும் என்பதைக் கற்பிப்பது. உரைநூல்களில் ‘எனின்’, ‘அற்றன்று’, ‘என்பாரும் உளர்’, ‘என்க’, ‘ஆகலின்’ முதலிய சொற்கள் வழிகாட்டிக் கற்களாக நிற்கின்றன. ‘எனின்’ வருமிடத்தில் ஒரு தடை எழுப்பப்படுகின்றது என்பதும், ‘அற்றன்று’ வருமிடத்தில் முன்னது தள்ளப்படுகின்றது என்பதும், ‘என்பாரும் உளர்’ வருமிடத்தில் பேசுபவர் வேறொருவர் என்பதும் மாணவர்க்கு முன்கூட்டியே தெரிந்திருப்பின், ஒரு பக்க உரையின் வாதப் போக்கைச் சில நொடிகளில் கண்டுகொள்ளலாம். ஆங்கில மாணவர் பத்தியின் தலையைப் பார்க்கின்றார் என்றால், தமிழ் மாணவர் தொடரின் ஈற்றைப் பார்க்க வேண்டும். தற்கால ஆய்வுரைநடைக்கும் இது பொருந்தும். ‘என்பர்’, ‘எனலாம்’, ‘என்பது பொருந்தாது’, ‘எனத் துணியலாம்’ என்னும் முடிபுகளை மட்டும் கோடிட்டுக்கொண்டே ஒரு கட்டுரையைக் கடந்து செல்லுமாறு மாணவரைப் பழக்கினால், எழுதியவர் எதனை உறுதியாகச் சொல்கின்றார், எதனை ஐயத்துடன் சொல்கின்றார், எதனைப் பிறர் வாயில் வைக்கின்றார் என்னும் வரைபடம் அவர்க்குக் கிடைத்துவிடும்.

தேடல் வாசிப்பில் நிலைமை இன்னும் சுவையானது. ஆங்கிலப் பக்கம் ஒன்றில் ஊர்ப்பெயரையோ ஆட்பெயரையோ தேடுபவர்க்குப் பெரிய எழுத்து கைகொடுக்கின்றது. தமிழில் அவ்வுதவி இல்லை. மேலும், தேடும் சொல் தான் தேடும் வடிவிலேயே பக்கத்தில் இருக்கும் என்னும் உறுதியும் இல்லை. ‘ஆறு’ என்று தேடினால் பக்கத்தில் இருப்பது ‘ஆற்றின்’. ‘நாடு’ என்று தேடினால் இருப்பது ‘நாட்டார்’. ‘மரம்’ என்று தேடினால் இருப்பது ‘மரத்து’. செய்யுளில் புணர்ச்சி சேர்ந்துவிட்டால் சொல்லின் முதலெழுத்தே மறைந்துவிடும்.

மதுரைக்காஞ்சியை ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 782 அடிகள் கொண்ட அப்பாட்டில் மதுரை நகரின் பகற்கடைத் தெருவும் இரவுக்கடைத் தெருவும் பேசப்படுகின்றன. சங்ககால வணிகம் பற்றி எழுதும் மாணவர் ‘அங்காடி’ என்னும் சொல்லை அப்பாட்டில் தேடுகின்றார் என்க. அவர் கண் அகர முதலைத் தேடி ஓடுகின்றது. பாட்டிலோ ‘நாளங்காடி’ என்றும் ‘அல்லங்காடி’ என்றும் உள்ளன. நாள் என்பதன் ளகர மெய்யோடு அங்காடியின் அகரம் கலந்து ‘ள’ ஆகிவிட்டது. அல் என்பதன் லகரம் இரட்டித்து ‘ல்ல’ ஆகிவிட்டது. ‘அங்காடி’ என்னும் எழுத்துத் தொடர் இவ்விரண்டு சொற்களிலும் இல்லை. கணினியில் தேடினாலும் முடிவு இதுவே. ‘ங்காடி’ என்று வெட்டிக் கொடுத்தால் மட்டுமே பொறி அதனைக் கண்டுபிடிக்கும். ‘மரம்’ என்று கணினியில் தேடுபவர்க்கு ‘மரத்தை’ மட்டுமன்றி ‘மரமும்’ என்பதும் கிட்டாது. ஈற்று மகரத்தின் புள்ளி நீங்கி உகரக் குறி ஏறியதும் குறியீட்டு வரிசை மாறிவிடுகின்றது. ‘பொன்’ தேடுபவர் ‘பொற்றொடி’யை இழப்பார், ‘கடல்’ தேடுபவர் ‘கடற்கரை’யை இழப்பார். இவற்றுக்கு மேலாக, யானையைத் தேடுபவர் களிற்றையும் பிடியையும் வேழத்தையும் தனித்தனியே தேட வேண்டும்.

இணையத்தில் சங்க இலக்கியம் முழுவதும் கிடைக்கும் காலத்தில் ‘இச்சொல் இந்நூலில் இடம்பெறவில்லை’ என்னும் முடிவுகள் ஆய்வேடுகளில் பெருகிவருவதற்கு இதுவும் ஒரு காரணம். இல்லை என்று சொல்வது உண்டு என்று சொல்வதைக் காட்டிலும் கடினமான ஆய்வுச் செயல். தேடல் முறையை அறியாதவர் தம் தேடலின் தோல்வியை நூலின் இயல்பாக எழுதிவிடுகின்றார். இங்கே புணரியல் அறிவு நேரடியான ஆய்வுக் கருவியாகின்றது. முதுகலை வகுப்பில் நன்னூற் புணரியலை வெறும் தேர்வுப் பாடமாகக் கருதிக் கடந்துசெல்லும் மாணவர்க்கு, அதனைத் தேடல் கருவியாகக் காட்டினால் அவ்விதிகள் உயிர்பெறும். ஒரு சொல்லைக் கொடுத்து, அது நிலைமொழியாகவும் வருமொழியாகவும் நிற்குங்கால் எத்தனை வடிவங்கள் எடுக்கும் என்று முதலில் பட்டியலிடச் செய்து, அதன் பின்னரே நூலுக்குள் அனுப்புவது நல்ல பயிற்சி.

இத்திறன்கள் தமிழுக்குப் புதியன என்னும் எண்ணம் திருத்தத்தக்கது. ஓலைச்சுவடியில் சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை. மெய்க்குப் புள்ளி பெரும்பாலும் இல்லை. எகர ஏகார வேறுபாடு தெரியாது. அத்தகைய ஏட்டில் கண்ணை ஓடவிட்டுத் தேடுதல் மிக அரிது. அந்நிலையில் தமிழ் மரபு அவ்வுதவியை நூலின் கட்டமைப்புக்குள்ளேயே வைத்தது. அகநானூற்றின் 400 பாடல்களின் வைப்புமுறை இதற்கு மிகச் சிறந்த சான்று. ஒற்றைப்படை எண் பெற்றவை அனைத்தும் பாலை. 2, 8 என முடிவன குறிஞ்சி. 4 என முடிவன முல்லை. 6 என முடிவன மருதம். 10, 20 என வருவன நெய்தல். முல்லைப் பாட்டு வேண்டுபவர் நூலைப் புரட்ட வேண்டுவதில்லை. எண்ணே திணையைச் சொல்லிவிடும். ஐங்குறுநூறு திணைக்கு நூறாகவும், நூற்றினுள் பத்துப் பத்தாகவும் பகுக்கப்பட்டுள்ளது. இவ்வமைப்புகளைத் தொகுப்பாசிரியரின் அழகியல் விருப்பமாக மட்டும் விளக்கிவிட்டுச் செல்லும் வகுப்புகள் அவற்றின் பயன்பாட்டுப் பக்கத்தைக் காணாது விடுகின்றன.

சூடாமணி நிகண்டின் பதினொராம் தொகுதி ஒருசொற் பலபொருளை எதுகை முறையில் நிரல்படுத்திற்று. மனப்பாடம் செய்தவர்க்கு எதுகையே தேடுபாதை. சிதம்பரம் இரேவணசித்தர் 1594இல் செய்த அகராதி நிகண்டு முதலெழுத்து வரிசைக்கு மாறியது. வீரமாமுனிவரின் சதுரகராதி 1732இல் பெயர், பொருள், தொகை, தொடை என நான்காகப் பகுத்து, நினைவிலிருந்து கண்ணுக்குத் தேடலை மாற்றிற்று. அச்சுக் காலத்தில் உ. வே. சாமிநாதையர் தம் பதிப்புகளில் அரும்பத அகராதி முதலியவற்றை இணைத்ததும், 1940இல் சைவ சித்தாந்த மகா சமாஜம் வெளியிட்ட சங்க இலக்கியப் பதிப்பு பாடல்களைப் புலவர் வரிசையில் மாற்றி அடுக்கியதும், மர்ரே எஸ். ராஜம் பதிப்புகள் புணர்ச்சி பிரித்து அச்சிட்டதும் இந்நெடுவரலாற்றின் தொடர்ச்சியே. வ. அய். சுப்பிரமணியம் தொகுத்த புறநானூற்றுச் சொல்லடைவு 1962இல் கேரளப் பல்கலைக்கழகத்தால் வெளியிடப்பட்டது. 1967 முதல் 1970 வரை புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பழந்தமிழ் இலக்கியங்களுக்கு மூன்று தொகுதிகளில் சொல்லடைவு தந்தது. இவற்றைத் தொகுத்தோர் மேலே சொன்ன ‘நாளங்காடி’ச் சிக்கலை ஒவ்வொரு சொல்லிலும் தீர்த்தாக வேண்டியிருந்தது. கணினித் தேடல் வந்துவிட்டதென்று இத்தொகுதிகளை நூலகத்தின் பின்னடுக்கிற்கு அனுப்பிவிட்ட துறைகள் அவற்றை மீண்டும் வாசிப்பு மேசைக்குக் கொண்டுவருதல் நலம்.

நோட்ட வாசிப்புக்கும் மரபில் வேர் உண்டு. சிறப்புப்பாயிரம் நூலாசிரியர் யார், அவர் எந்நூலின் வழிவந்தார், நூல் எந்நிலத்தில் வழங்கும், யாருக்காகச் செய்யப்பட்டது, எதனைப் பேசுகின்றது, அதனால் விளையும் பயன் யாது என்னும் செய்திகளை நூலின் முகப்பிலேயே கேட்கின்றது. எத்துணை விரிந்த நூலாயினும் பாயிரமின்றேல் அது நூலாகாது என்பது நன்னூலின் துணிபு. அமெரிக்க உளவியலாளர் பிரான்சிஸ் ராபின்சன் 1946இல் வெளியிட்ட கற்றல் முறைநூலில், ஒரு நூலைப் படிக்குமுன் அதனைச் சுற்றிப் பார்த்து வினாக்களை எழுப்பிக்கொள்ளுமாறு கூறினார். ஐந்து படிகள் கொண்ட அம்முறை இன்றும் ஆசிரியப் பயிற்சி நிறுவனங்களில் பாடமாகின்றது. பாயிர இலக்கணத்தின் கூறுகளை வினாக்களாக மாற்றினால் அதே பணியைத் தமிழ் மாணவர் தம் மரபின் சொற்களிலேயே செய்யலாம். இதனை ‘அனைத்தும் நம்மிடம் முன்பே இருந்தன’ என்னும் பெருமிதமாகக் கொள்ளத் தேவையில்லை. பாயிரம் நூலைப் போற்றவும் பயன்பட்டது. நோட்ட வாசிப்போ ஐயப்படவும் கற்க வேண்டும். நூலாசிரியர் முகப்பில் சொன்னதை நூலின் உட்பகுதி நிறைவேற்றியுள்ளதா என்னும் வினா பாயிரத்தில் இல்லை. அதனை இன்றைய ஆசிரியர்தான் சேர்க்க வேண்டும்.

பள்ளி நிலையில் நிகழ்வதைக் காணாமல் பல்கலைக்கழகத்தைப் பற்றி மட்டும் பேசுவது முறையன்று. தமிழ்நாட்டில் 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் பாடத்தின் முன் ‘நுழையும்முன்’ என்னும் பகுதியும், ஆசிரியரைப் பற்றிய ‘நூல்வெளி’யும், விரைந்து படித்தற்குரிய ‘விரிவான’மும் உள்ளன. நோட்ட வாசிப்பைக் கற்பிப்பதற்கு இவற்றைவிட நல்ல வாயில்கள் தேவையில்லை. நடைமுறையிலோ ‘நுழையும்முன்’ ஒரு முறை உரக்க வாசிக்கப்பட்டுக் கடக்கப்படுகின்றது. விரிவானப் பகுதி, கதைச்சுருக்கம் எழுதும் வினாவிற்குரிய மனப்பாடமாகின்றது. வினாவிற்கான விடைப்பகுதியை ஆசிரியர் பாடத்திலேயே கண்டு, ‘இங்கிருந்து இதுவரை’ என்று பென்சிலால் அடைப்புக்குறியிடச் செய்யும் வழக்கம் எங்கும் பரவியுள்ளது. அங்கே தேடுபவர் ஆசிரியர். மாணவர் தேடி முடித்ததைப் பெற்றுக்கொள்பவர். பன்னிரண்டு ஆண்டுகள் பிறர் இட்ட அடைப்புக்குறிக்குள் வாசித்துப் பழகிய ஒருவர், பல்கலைக்கழக நூலகத்தில் அடைப்புக்குறியில்லாத நூல்முன் திகைத்து நிற்பதில் வியப்பில்லை.

போட்டித் தேர்வுகள் இத்திறன்களைக் கேட்கின்றன, ஆனால் வளர்ப்பதில்லை. தேசியத் தகுதித் தேர்வில் மூன்று மணி நேரத்தில் 150 வினாக்கள். ஒரு வினாவிற்கு 72 நொடிகள். அவ்விரைவுக்குப் பழக்கும் பயிற்சி மையங்கள் ‘வினாவை முதலில் படி, விடையைப் பத்தியில் தேடு’ என்னும் ஒற்றை உத்தியையே மீண்டும் மீண்டும் தருகின்றன. தேர்வறையில் அது பயனுள்ளதே. அவ்வுத்தி பழக்கமாகிவிட்டபின், தாமே வினாவை எழுப்ப வேண்டிய ஆய்வறையில் மாணவர் கைகட்டி நிற்கின்றார்.

தமிழாசிரியர் பலரிடமிருந்து எழக்கூடிய மறுப்பு ஒன்றுண்டு, அது வலிமையானது. கைப்பேசியில் கண்ணை ஓட்டியே பழகிய தலைமுறைக்கு விரைந்து வாசிக்கக் கற்பிப்பது எரிகிற கொள்ளியில் எண்ணெய் வார்ப்பதாகும். தமிழ்த்துறை செய்ய வேண்டியது நின்று வாசிக்கக் கற்பிப்பதே என்பது அது. நன்னூலும் இருமுறை கேட்டவரே நூலிற் பிழைபடார், மும்முறை கேட்டவரே முறையறிந்து பிறர்க்கு உரைப்பர் என்னும் கருத்துடையது. கீத் ரெய்னரும் உடன் ஆய்வாளர்களும் 2016இல் வெளியிட்ட விரிவான மீளாய்வு, விரைவுக்கும் துல்லியத்துக்கும் இடையே விலை கொடுத்தே தீர வேண்டும் என்றும், பொருள் முழுவதையும் இழக்காமல் வாசிப்பு விரைவைப் பன்மடங்காக்க இயலும் என்னும் விரைவாசிப்புப் பயிற்சிகளின் உறுதிமொழிக்கு ஆதாரமில்லை என்றும் நிறுவியது. அம்மீளாய்வே, பனுவலின் சாரத்தை மட்டும் அறிய வேண்டுமிடத்து நோட்ட வாசிப்பு பயனுடையது என்பதையும், வாசிப்பு விரைவுக்கு உண்மையான அடித்தளம் மொழியறிவே என்பதையும் கூறுகின்றது.

மறுப்பாளர் அஞ்சும் நிலை ஏற்கெனவே வந்துவிட்டது. கற்பிக்கப்படாமலேயே மாணவர் நோட்டமிடுகின்றனர். அதனைத் தாம் செய்வதாக அறியாமலே செய்கின்றனர். நோட்டமிட்டதைப் படித்ததாகக் கருதி எழுதுகின்றனர். கற்பித்தலின் முதற்பயன் இவ்விரண்டும் வேறென்பதை அவர் உணர்தல். ஒரு நூலைத் தாம் எவ்வகையில் அணுகினோம் என்பதை மாணவர் தம் குறிப்பட்டையிலேயே பதிவு செய்ய வேண்டும்: முழுதும் வாசித்தது, நோட்டமிட்டது, தேடி எடுத்தது. நோட்டமிட்ட நூலை மேற்கோள் காட்டும் முன் அவ்விடத்தின் முன்னும் பின்னும் இரண்டு பக்கங்களையேனும் நின்று வாசித்தாக வேண்டும் என்னும் ஒரு விதி, சேனாவரையர் பெயரில் நடக்கும் பிழைகளில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். இவ்வாசிப்புகள் நுழையக் கூடாத இடமும் உண்டு. குறுந்தொகைப் பாடல் ஒன்றை நோட்டமிட்டு அதன் ‘சாரத்தை’ எடுப்பது என்பது பொருளற்ற செயல். நான்கு முதல் எட்டு அடிக்குள் இறைச்சியும் உள்ளுறையும் செறிந்த ஒன்றில் விட்டுச்செல்லத்தக்க சொல் எது? வினாத்தாள்களுக்காகப் பாடலின் கருத்தை ஒரு வரியில் தரும் துணைநூல்கள் இவ்வரம்பை மீறியே வாழ்கின்றன என்பது வேறு செய்தி.

கற்பித்தலுக்கு ஒரு பொதுமுறை வகுக்க முயல்வதைக் காட்டிலும் பனுவல் வகைதோறும் தனிமுறை வகுத்தலே பொருந்தும். விரைந்து காணும் கண், வடிவத்தை முன்பே அறிந்த கண். கல்வெட்டறிஞர் இதற்கு நல்ல முன்மாதிரி. மெய்க்கீர்த்தியின் முதற்றொடரைக் கண்ட அளவில் அவர் அரசனை அடையாளம் காண்கின்றார். ‘யாண்டு’ என்னும் சொல்லுக்கு நேரே கண்ணைச் செலுத்தி ஆட்சியாண்டை எடுக்கின்றார். பின் நாடு, ஊர், கொடையாளர், கொடைப்பொருள் என இறங்குகின்றார். இறுதியிலுள்ள காப்புரையைப் பெரும்பாலும் பார்த்த அளவிலேயே விடுகின்றார். அவர்க்கு இது எளிதாவது, எண்ணற்ற கல்வெட்டுகளை எழுத்தெண்ணி வாசித்த பின்னரே. ஆகவே பயிற்சியின் வரிசையும் அவ்வாறே அமைய வேண்டும். தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதி ஒன்றிலிருந்து ஐந்து கல்வெட்டுகளை வகுப்பு முழுதாக வாசித்து அவற்றின் பொது அமைப்பைத் தாமே கண்டறிதல் முதற்படி. ஆறாவதிலிருந்து இருபதாவது வரை, குறித்த ஒரு வினாவிற்கு விடை தேடுதல் அடுத்தது. ‘நந்தாவிளக்குக் கொடையில் ஆடுகள் எத்தனை?’ என்பது போன்ற வினா போதும். உரைநூலுக்கும், தற்கால ஆய்வுக் கட்டுரைக்கும், பழைய இதழ்த் தொகுதிகளுக்கும் இவ்வரிசையே தக்கது; கண் நிற்க வேண்டிய இடங்கள் மட்டும் வேறுபடும்.

மதிப்பீடு விரைவைக் குறியாகக் கொள்ளலாகாது. நிமிடத்திற்கு இத்தனை சொற்கள் என்னும் ஆங்கில அளவுகோல் தமிழுக்குப் பொருந்துவதுமில்லை. ‘வந்துகொண்டிருந்தவர்களுக்காகவும்’ என்பது தமிழில் ஒரு சொல். ஆங்கிலத்தில் அது ஒரு தொடராகிவிடும். அளக்க வேண்டியது கணிப்பின் துல்லியம். மாணவர் அறியாத ஒரு நூலைப் பத்து நிமிடம் கையில் கொடுத்து மூடச் செய்து, ஆசிரியர் யாருடைய கருத்தை எதிர்க்கின்றார், சான்றுகள் எவ்வியலில் உள்ளன, தம் ஆய்வுக்கு எப்பகுதி வேண்டும் என்பவற்றை எழுதி வாங்க வேண்டும். அதே நூலை இரண்டு வாரத்தில் முழுதும் வாசித்த பின் தம் முதற்கணிப்பைத் தாமே திருத்தி எழுத வேண்டும். மதிப்பெண் இரண்டாவது தாளுக்கே. எங்கே ஏமாந்தோம் என்பதை எழுத முடிந்த மாணவர் அடுத்த நூலில் அவ்விடத்தில் நிற்பார்.

தேடுபவரைப் பழக்கினால் மட்டும் போதாது; தேடத்தக்க நூல்களும் வேண்டும். நூறாண்டுகளுக்கு முன் உ. வே. சா. தனியொருவராகச் சிலர் துணையுடன் செய்த அடைவுகளை, கணினி வாய்ந்த இக்காலத்தில் வெளிவரும் ஆய்வுநூல்கள் பல தருவதில்லை. நானூறு பக்க நூலின் இறுதியில் ஆசிரியரின் பிற நூல்களுக்கான விளம்பரம் இருக்கின்றது, பொருளடைவு இல்லை. முனைவர் பட்ட ஆய்வேடுகளில் இயல்தோறும் ‘முன்னுரை’, ‘தொகுப்புரை’ என்னும் ஒரே தலைப்புகள் வருவதால் பொருளடக்கப் பக்கமும் நோட்டமிடுபவர்க்கு எதுவும் சொல்வதில்லை. ஆய்விதழ்களில் ஆய்வுச்சுருக்கம் என்னும் இடத்தில் பெரும்பாலும் காணப்படுவது தலைப்பின் பெருமையே. கட்டுரை கண்ட முடிபு அங்கே இருப்பது அரிது.

துறைகள் உடனே செய்யக்கூடிய ஒன்று எளியது. முதுகலை இரண்டாமாண்டு மாணவர் ஐவர்க்கு ஐங்குறுநூற்றின் ஒரு நூறு, திணைக்கு ஒருவராக. ஒவ்வொருவரும் தம் நூறு பாடல்களைப் புணர்ச்சி பிரித்து, அகர வரிசையில் சொல்லடைவு செய்ய வேண்டும். பிரித்தலில் ஐயம் எழுந்த இடங்களை அடியில் குறிக்க வேண்டும். பின்னர்ப் பிரெஞ்சு நிறுவனத்தின் அடைவோடு ஒப்பிட்டு வேறுபாடுகளுக்குக் காரணம் எழுத வேண்டும். ஒரு பருவத்துக்குரிய பணி அது. அவ்வடைவைச் செய்து முடித்தவர் அந்நூறு பாடல்களையும் குறைந்தது மும்முறை வாசித்திருப்பார். அதனைத் துறை நூலகத்தில் வைத்தால் அடுத்த ஆண்டு வருபவர் அதிலிருந்து தேடத் தொடங்குவார்.